ஆரோக்கியம்மாளின் பாடபேதங்கள்

விவிலியப் படிப்பை முடித்து, பட்டச் சான்றிதழைப் பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொண்டு முதல் பங்குக் கோயிலுக்குக் கிளம்பும் இளைய சாமியார்களே, உங்களுக்கு வாழ்த்துச் சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். வாழ்த்து என்றால் ஒரு வரியில் முடிந்துவிடும். ஒரு வரியில் எதையும் முடித்து எனக்குப் பழக்கமில்லை, என்னிடம் படித்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஆகவே நான் செய்த ஒரு முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். கிரேக்கம் தெரியாதவர்கள் இதைச் செய்யவே முடியாது. நீங்கள் செய்வீர்கள்.

நான் குருமடத்தில் பல வருடம் கிரேக்கம் சொல்லிக்கொடுத்தவன். வகுப்பில் மாணவர்கள் கண்ணை மூடினால் தியானிக்கிறார்கள் என்று நம்பியவன். ஒருநாள் ஆயர் கூப்பிட்டு, ஒரு பங்கையும் பார்த்துக்கொண்டு ஆராய்ச்சியையும் செய்யுங்கள், அமைதியான இடம் தருகிறேன் என்றார். அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகும் சாலையோரத்துக் கிராமம் அது. சிமெண்ட் லாரிகளும் சுண்ணாம்புக்கல் லாரிகளும் இரவு பகலாக அந்த வழியில்தான் போகும். அகராதியைத் திறந்தால் முதலில் வெள்ளைத் தூள் பறக்கும், பிறகுதான் கிரேக்கம் தெரியும். ஆயரின் அகராதியில் அமைதி என்பதற்கு என்ன பொருளோ, அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

போன வேகத்தில் பங்கு மக்களுக்குக் கிரேக்க வகுப்பு என்று அறிவித்தேன். மூன்று பேர் வந்தார்கள். ஒருவர், மூளைக்கு வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொன்னதால் வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். இன்னொருவர், கல்ஃபிலிருந்து திரும்பிய எலக்ட்ரீஷியன். அவர் இரண்டாம் வகுப்பில் கையைத் தூக்கி, "சாமி, கிரீஸ்ல விசா ஈசியா கெடைக்குமாமே?" என்று கேட்டார். மூன்றாவது ஆள் எங்கள் கோயில்பிள்ளை சவரிமுத்து. வகுப்பு முடிந்ததும் கதவைப் பூட்ட வேண்டியவர் அவர்தான் என்பதால் வந்திருந்தார். மூன்றாவது வாரம் அவர் மட்டும் மிஞ்சினார்.

இனி நம் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. புதிய ஏற்பாட்டை எழுதியவர்களின் கையெழுத்தில் ஒரு தாள்கூட இன்று இல்லை. இருப்பவை எல்லாம் பிரதியைப் பார்த்து எடுத்த பிரதிகள். ஒன்றில் இருப்பது இன்னொன்றில் மாறியிருக்கும். அந்த மாற்றங்களைப் பாடபேதம் என்கிறோம். எல்லாவற்றையும் ஒப்பிட்டு, முதலில் எழுதப்பட்டது எது என்று கண்டுபிடிப்பதுதான் நம் பிழைப்பு. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த பேராசிரியர் இரண்டு விதிகள் வைத்திருந்தார். பிரதி எடுத்தவனுக்குச் சௌகரியமாக இருக்கும் பாடத்தைச் சந்தேகப்படு. அவனுக்குச் சங்கடமாக இருந்தும் அவன் மாற்றாமல் விட்ட பாடத்தை நம்பு. அவர் காய்கறி வாங்குவதும் இதே விதிப்படிதான். பளபளவென்று இருக்கும் கத்திரிக்காயைச் சந்தேகப்பட்டு, ஓட்டை விழுந்ததாகப் பார்த்து எடுத்துக்கொண்டு வருவார். அவர் விடுதிப் பொறுப்பில் இருந்த வருடங்களில் நாங்கள் புழு இல்லாத சாம்பார் சாப்பிட்டதில்லை. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

கோயிலுக்கு எதிரே இட்லிக் கடை வைத்திருந்தவர் ஆரோக்கியம்மாள். கணவர் இறந்து எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். பெரிய மகன் லூர்து பெரம்பலூரில், சிறுவாச்சூர் போகும் வழியில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். சின்ன மகன் அந்தோணி ஊரிலேயே முந்திரியும் கொஞ்சம் நிலமுமாக அம்மாவோடு இருக்கிறான். அவன் மனைவி ரீத்தா. இருவருக்கும் இளையவள் செலின், ஜெயங்கொண்டத்தில் வாக்கப்பட்டவள். மே மாதத்தில் ஒரு காலை, முதல் ஈடு இட்லியை இறக்கி வைத்த ஆரோக்கியம்மாள், நெஞ்சைப் பிசைகிறது என்று சொல்லி பெஞ்சில் உட்கார்ந்தார். டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பத்து மணிக்குச் சவரிமுத்து மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"சாமி, அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பொணத்த வெச்சுக்கிட்டு சட்டையப் புடிச்சுட்டானுங்க. எங்க அடக்கம் பண்றதுன்னு தகராறு. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க சாமி."

அவர் கேட்டது ஒரு வார்த்தை. நான் ஒரு நோட்டையும் நாலு நிறத்தில் பேனாக்களையும் எடுத்துக்கொண்டு போனேன்.

பந்தல் போட்டிருந்தது. ஐஸ் பெட்டிக்குள் ஆரோக்கியம்மாள் நிம்மதியாகப் படுத்திருந்தார். அவருடைய இரண்டு பக்கமும் இரண்டு மகன்கள் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஃபாதர், அம்மா என்கிட்ட சொன்னாங்க," என்றான் லூர்து. "பொங்கலுக்கு வந்தப்ப, 'லூர்து, கடைசியா உங்கிட்டயே வந்துடறேன்டா, பெரம்பலூர் கல்லறையிலயே என்னைய வெச்சுடு'ன்னாங்க. அவங்க ஆசைய நான் செய்யணுமா வேணாமா?"

"பொய்யி சாமி!" என்று பாய்ந்தான் அந்தோணி. "அப்பாவுக்குப் பக்கத்துல எடம் வுட்டு வெச்சுருக்கோம். 'அந்த எடத்த யாருக்கும் குடுத்துடாதடா அந்தோணி, அது எனக்கு'ன்னு போன வாரம்கூட சொன்னாங்க. நான் குழிக்கு ஆள வுட்டுட்டேன்."

செலின் அழுகைக்கு நடுவே தலையைத் தூக்கினாள். "ரெண்டு பேரும் என்னையக் கேட்டீங்களா? எங்க வூட்டு மாடிலேருந்து பாத்தா கல்லற தெரியும். 'தெனம் உன் மொகத்தப் பாத்துக்கிட்டே கெடப்பேன்டி, ஜெயங்கொண்டத்துலயே வெச்சுடுங்க'ன்னு என் கையப் புடிச்சு சொன்னுச்சு."

புத்தியுள்ள சாமியார் யாராக இருந்தாலும் இந்த இடத்தில் ஜெபமாலையை ஆரம்பித்திருப்பார். ஐம்பத்து மூன்று மணிகளையும் உருட்டி முடிப்பதற்குள் சட்டையைப் பிடித்த கைகள் தானாகக் கீழே இறங்கியிருக்கும். என் மனத்தில் வந்தது வேறு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். சந்தோஷம் வந்தது. மூலம் தொலைந்துவிட்டது, மூன்று பிரதிகள் மூன்று விதமாகச் சொல்கின்றன. இருபத்தைந்து வருடம் காகிதத்தில் செய்ததை இப்போது உயிருள்ள மனிதர்களிடம் செய்து பார்க்கலாம்.

உள் அறையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். லூர்துக்கு அ என்று பெயர் வைத்தேன். அந்தோணி ஆ. செலின் இ. எந்த நாள் சொன்னார், உட்கார்ந்துகொண்டா படுத்துக்கொண்டா, பக்கத்தில் யார் இருந்தார்கள், எல்லாவற்றையும் நிறம் நிறமாக எழுதினேன். எதைப் பார்த்து எது எழுதப்பட்டது என்று பிரதிகளுக்குப் போடுவதுபோல வம்சக் கோடும் போட்டேன். எட்டிப் பார்த்த அந்தோணி திடுக்கிட்டான்.

"என்னா சாமி இது, பாகப்பிரிவினைக்குப் போடற மாதிரி கோடு போடறீங்க?"

"சும்மா இருப்பா, ஆராய்ச்சி நடக்குது," என்றேன்.

வெளியே, சாமி போலீசுக்கு எழுதுகிறார் என்று பேசிக்கொண்டார்களாம். ஒன்று மட்டும் எனக்குப் பளிச்சென்று புலப்பட்டது. மூன்று பேர் சொல்வதும் அவரவருக்குச் சௌகரியமாக இருக்கிறது. பேராசிரியரின் முதல் விதிப்படி மூன்றுமே சந்தேகத்துக்குரியவை. அப்போதுதான் ரீத்தாவைக் கூப்பிட்டேன்.

ரீத்தா வாசலிலேயே நின்றாள். "சீக்கிரம் கேளுங்க சாமி, அடுப்புல டீத்தண்ணி கொதிக்குது. உங்களுக்கு சீனி போடலாமா, போன தடவையே வவுறு பெருத்துட்டுன்னு டாக்டர் சொன்னாருல்ல?" முகத்துக்கு நேரே பேசும் பெண். அவளுக்குப் பூசி மெழுகத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும்.

"அத்தை எங்க அடக்கம் பண்ணச் சொன்னாங்கம்மா?"

"பெரம்பலூருக்குத்தான் போறேன்னாங்க."

"உன் வூட்டுக்காரர் இங்கதான்னு சொல்றாரே?"

"அவரு சொல்றத அவருகிட்ட கேளுங்க. அத்தை என்கிட்ட சொன்னது பெரம்பலூரு."

எனக்குப் புல்லரித்தது. கணவனுக்கு எதிராக, தன் வீட்டுக்கு எதிராக, ஒரு பெண் சாட்சி சொல்கிறாள். அவளுக்கு இது எவ்வளவு சங்கடம்! இரண்டாவது விதி அப்படியே பொருந்துகிறது. ஈ என்று எழுதி, அதைச் சுற்றிச் சிவப்பில் இரண்டு வட்டம் போட்டேன்.

பந்தலுக்கு வந்து நின்று தீர்ப்புச் சொன்னேன். தீர்ப்பு மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. கால் மணி நேரம் அதற்கு முன்னுரை கொடுத்தேன். அன்பு மிகுதியானவர்கள்கூடத் தங்களை அறியாமல் பாடத்தைத் திருத்திவிடுவதுண்டு என்று ஆரம்பித்து, பழைய காலத்துப் பிரதியாளர்கள் எப்படியெல்லாம் மாற்றினார்கள் என்று விளக்கினேன். கூட்டம் விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டது.

"அப்ப நாங்க பொய் சொல்றோம்னு சொல்றீங்களா சாமி?" என்றான் அந்தோணி.

"பொய் இல்லப்பா. சார்பு."

"செத்துக் கெடக்குற அம்மா பேர்ல பொய் சொன்னேன்னுட்டாரே!" என்று செலின் பெட்டியின் மேல் விழுந்து அழுதாள். ஜெயித்த லூர்துக்காவது சந்தோஷம் என்று பார்த்தால், அவன் முகம்தான் எல்லாவற்றையும்விடக் கறுத்திருந்தது. அவன் சொன்னதும் நம்பத் தகுந்ததில்லை, ரீத்தா சொன்னதால் மட்டுமே ஏற்கிறேன் என்று நான் சொல்லியிருந்தேன்.

பெரம்பலூர் பங்குச்சாமியாரிடம் நானே போனில் பேசினேன். வண்டி வந்தது. ஐஸ் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார்கள். அந்தோணி வாசலில் நின்று அண்ணனைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னான்.

"கொண்டு போ. ஆனா ஒண்ணு. இனிமே இந்த வூட்டு வாசப்படிய மிதிக்காத. அப்பா நெனவு நாளுக்கும் வராத. என் புள்ளைங்க கல்யாணத்துக்கும் வராத. இன்னியோட அத்துப்போச்சு."

கத்தியவன் கத்தாமல் பேசினால் அது வேறு விஷயம். சட்டையைப் பிடித்த சண்டை சாயங்காலத்துக்குள் தீர்ந்திருக்கும். நான் அதற்கு ஆதாரமும் வம்சக் கோடும் கொடுத்து, ஒரு குடும்பம் தலைமுறைக்கும் பேசாமல் இருப்பதற்கு வழி செய்துவிட்டேன். நோட்டைப் புரட்டினேன். அதில் ஒன்றும் இல்லை.

அந்த நேரத்தில் காதர் பாய் வந்து சேர்ந்தார். லப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயில் பல வருடம் இருந்துவிட்டு வந்து, இப்போது மினி வேனில் கடை கடையாக அரிசி உளுந்து போடுகிறார். ஆரோக்கியம்மாள் கடைக்கும் அவர்தான். கையில் ரோஜா மாலையோடு வந்தவர், வண்டியைப் பார்த்து நின்றார்.

"எங்க எடுத்துட்டுப் போறீங்க?"

"பெரம்பலூருக்கு பாய்," என்றார் சவரிமுத்து. "அம்மா அப்படித்தான் சொன்னாங்கன்னு சாமி கண்டுபுடிச்சுட்டாரு."

"அப்படியா?" பாய் யோசித்தார். "என்கிட்ட வேற மாதிரில்ல சொன்னாங்க?"

என்னைக் கடவுள்தான் மன்னிக்க வேண்டும். நான் புதுப் பக்கத்தைத் திருப்பி, உ என்று எழுதினேன்.

"எங்க உம்மா மௌத்தானப்ப நான் துபாய்ல இருந்தேன் ஃபாதர்," என்றார் பாய். "லீவு கெடச்சு வரதுக்குள்ள அடக்கம் முடிஞ்சுட்டு. மொகத்தக்கூட பாக்கல. இந்த அம்மா எங்க வூட்டுக்குத் துக்கம் கேக்க வந்துருந்தாங்க. நான் சின்னப் புள்ளையாட்டம் அழுவுறேன். அப்ப அம்மா சொன்னாங்க, 'பாய், வர்ற வழியில உங்க மையவாடியப் பாத்தேன். வேப்ப மரமா நிக்குது, என்னா நெழலு! உங்கம்மாவுக்கு ஒரு கொறையும் இல்ல. எனக்கும் அங்கனயே ஒரு எடம் சொல்லி வைங்க, அவங்களுக்குப் பேச்சுத் தொணைக்கு ஆச்சு'ன்னாங்க."

நான் பேனாவைப் பிடித்தபடி, "ஜமாத்துல சொல்லி வெச்சீங்களா?" என்று கேட்டேன்.

பாய் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. கோபம் இல்லை. படித்த மனிதர் இப்படி இருக்கிறாரே என்ற இரக்கம்தான்.

"என்னா ஃபாதர் நீங்க. மனசு ஆறட்டும்னு சொன்ன வார்த்தைய, ஜமாத்துல போயி மனு குடுக்க முடியுமா?"

முதலில் சிரித்தது செலின். அழுதுகொண்டே, மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள். "அடிப்பாவி அம்மா, பாய் ஊருக்கும் வரேன்னு சொல்லி வெச்சுருக்கியே!" அந்தோணி வாயைப் பொத்தினான், தோள் குலுங்கியது. பந்தல் முழுக்கச் சிரிப்பு பரவியது. வண்டி டிரைவர் மட்டும் ஒன்றும் புரியாமல் கதவைத் திறப்பதா மூடுவதா என்று நின்றார்.

ரீத்தா டீ டம்ளர்களோடு முன்னால் வந்தாள். "எனக்கும் அதான் சாமி. கல்லறைத் திருநாளுக்கு சனம் பூரா எங்க வூட்டுலதான் வந்து எறங்கும். யாரு ஆக்கிப் போடறதுன்னு நான் அத்தைகிட்ட பொலம்புவேன். 'நீ கவலப்படாத, நான் பெரம்பலூருக்குப் போயிடறேன், எல்லாரும் அங்க போயி திங்கட்டும்'னாங்க."

சிவப்பில் இரண்டு வட்டம் போட்ட சாட்சி இது. ஐந்திலும் சௌகரியமானது இதுதான்.

தம்பிமார்களே, என் தவறு விதிகளில் இல்லை. விதிகள் நல்ல விதிகள்தான், இன்றும் அவற்றை வைத்துத்தான் வேலை செய்கிறேன். ஐந்து பாடங்கள் இருந்தால் ஒன்றுதான் மூலம், மற்றதெல்லாம் யாரோ கெடுத்தது என்று எடுத்துக்கொண்டதுதான் தவறு. ஐந்தையும் ஆரோக்கியம்மாள் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. அவர்களைத்தான் நான் ஊரைக் கூட்டி வைத்துப் பொய்யர்கள் என்று சொல்லிவிட்டேன். மனத்துக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

நோட்டை மூடினேன். "என்னைய மன்னிச்சுடுங்கப்பா. யாரும் பொய் சொல்லல. உங்க எல்லார்கிட்டயும் அவங்க சொல்லியிருக்காங்க," என்றேன். அன்று நான் பேசியதில் உருப்படியானது அது ஒன்றுதான். சவரிமுத்து கேட்ட ஒரு வார்த்தையும் அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தோணி அண்ணனிடம் போனான். "உங்கிட்ட வரேன்னு சொல்லியிருப்பாங்கண்ணே. நான்தான் பொய்யின்னுட்டேன்."

லூர்து ஐஸ் பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். "எங்க வூட்டுல சேந்தாப்ல ரெண்டு நாளு தங்குனதில்லடா. லேத்து சத்தம் காது குடையுதுன்னு கெளம்பிடுவாங்க. கடைசியாவாச்சும் வரேன்னு சொன்னாங்களா, அதான்..." அந்தோணி பக்கத்தில் உட்கார்ந்தான். லூர்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அப்பா பக்கத்துலயே வெச்சுடுவோம். சொன்னாங்கல்ல, அது போதும் எனக்கு."

அவனுக்குக் கல்லறை வேண்டியிருக்கவில்லை. அம்மா அப்படிச் சொன்னாள் என்பதை யாராவது நம்ப வேண்டும், அவ்வளவுதான். இதை எந்தப் பிரதியிலும் நான் படிக்கவில்லை. பெரம்பலூர் சாமியாருக்கு மறுபடி போன் போட்டு, வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

மாலை நாலு மணிக்கு அடக்கம். குழிமேட்டில் பேசுவதற்காக, உறக்கம் பற்றிய ஒரு கிரேக்கச் சொல்லை ஆராய்ந்து இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதைச் சட்டைப் பையிலேயே விட்டுவிட்டு, ஜெபத்தை மட்டும் சொல்லி முடித்தேன். முதல் பிடி மண்ணை அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து போட்டார்கள். கூட்டம் கலைய ஆரம்பித்தபோதுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது.

ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் ஆரோக்கியம்மாள் என்னிடம் வருவார். "சாமி, இன்னிக்கு நீங்க சொன்னது அப்படியே மனசுல உக்காந்துட்டு," என்பார். எட்டு வருடம், ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நான் பிரசங்கத்தில் பாடபேதங்களைச் சேர்த்துக்கொண்டே போனேன். என் ஆராய்ச்சி நூல் அச்சானபோது முன்னுரையில், இந்த நுட்பங்கள் பாமரருக்குப் புரியாது என்பது வீண் பயம், என் பங்கில் இட்லி விற்கும் ஒரு தாயே இவற்றை ரசித்துக் கேட்கிறார் என்று எழுதியிருக்கிறேன். புத்தகம் நூலகங்களில் இருக்கிறது. இனி அழிக்க முடியாது.

கல்லறைத் தோட்டத்துக் குழாயில் ரீத்தா கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பூசி மெழுகாமல் பேசக்கூடிய ஒரே ஆள். நேராக அவளிடம் போய் நின்றேன்.

"ரீத்தா, மறைக்காம சொல்லும்மா. என் பிரசங்கம் உங்களுக்கெல்லாம் புரியுதா?"

பதில் அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, எனக்கே தெரிந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். குழாயை மூடி, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"அய்யோ, உங்க பிரசங்கம் மாதிரி வருமா சாமி? அதுலயும் அந்தக் கிரேக்கத்துல சொல்லுவீங்க பாருங்க, கேக்கக் கேக்க அப்படியே மனசு நெறஞ்சுடும்."

இந்தச் சாட்சியை நான் நோட்டில் ஏற்றவில்லை. வேறு யாரிடமும் போய் ஒப்பிட்டும் பார்க்கவில்லை. "ரொம்பச் சந்தோஷம்மா," என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்கு நடந்தேன்.